வெளியூர் ரசிகருக்கு ஒரு டிக்கெட்

2022 ஏப்ரல் 14, பெரிய வியாழன். பார்சிலோனாவின் கேம்ப் நோ ஸ்டேடியத்தில் ஐரோப்பா லீக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம். எதிரணி ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட். அந்த அணியின் ரசிகர்களுக்கு முறைப்படி ஒதுக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 இடங்கள். ஆட்டம் தொடங்கியபோது கோல் கம்பங்களுக்குப் பின்னால், பக்கவாட்டில், மேலடுக்கில் என்று எங்கு பார்த்தாலும் வெள்ளைச் சட்டைகள். உள்ளே இருந்த ஜெர்மானியர் 25,000-க்குக் குறையமாட்டார்கள் என்றார்கள் சிலர், 30,000 என்றார்கள் சிலர். நான்காவது நிமிடமே ஃபிராங்ஃபர்ட் பெனால்டியில் கோல் போட, சொந்த மைதானத்தில் பார்சிலோனா வீரர்கள் அந்நியரானார்கள். கம்பத்துக்குப் பின்னால் நின்று பாடும் பார்சிலோனாவின் தீவிர ரசிகர் பிரிவு, இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் தன் இடத்தைக் காலியாகப் போட்டு எதிர்ப்பைக் காட்டியது. 3-2 என்று தோற்று வெளியேறிய பிறகு, நடந்ததை நினைத்து வெட்கப்படுவதாக கிளப்பின் தலைவர் லாப்போர்தா சொன்னார்.

இத்தனை ஜெர்மானியர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? யாரும் சுவரேறிக் குதிக்கவில்லை. பார்சிலோனாவின் சீசன் டிக்கெட்காரர்களில் ஆட்டத்துக்கு வராதவர்கள் தங்கள் இருக்கையைக் கிளப்பிடமே ஒப்படைக்கலாம். கிளப் அதை வேறொருவருக்கு விற்று ஒரு பங்கைக் கொடுக்கும். ஈஸ்டர் விடுமுறைக்கு ஊரை விட்டுப் போனவர்கள் ஏராளம். சகிராடா ஃபமிலியா தேவாலயத்தைப் பார்த்துவிட்டு மாலையில் கேம்ப் நோ என்று திட்டம் போட்டு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக அமைந்த ஏற்பாடு அது. காசு கொடுக்கும் எவருக்கும் கதவு திறக்கும் என்றான பிறகு, வருகிறவர் வேடிக்கை பார்க்க வருகிறாரா, எதிரணிக்குக் கத்த வருகிறாரா என்று கதவுக்கு எப்படித் தெரியும்? ஜெர்மானியர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. விற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

வெளிநாட்டுக்குப் போய்க் கால்பந்து பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. தன் அணியோடு கூடவே போகிறவர் ஒருவர். யார் ஜெயித்தாலும் சரி, அந்த ஊர், அந்தக் கூட்டம், அந்தச் சத்தம் இவற்றுக்காகப் போகிறவர் இன்னொருவர். அன்று கேம்ப் நோவில் முதல் வகையினர் இரண்டாம் வகையினருக்கான வழியில் நுழைந்தார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பற்றியது. இவர் தேடிப் போகும் ஆரவாரத்தை எந்தக் கிளப்பும் தயாரிப்பதில்லை. வாரந்தவறாமல் வந்து, மழையில் நனைந்து, தோல்விகளை விழுங்கிய உள்ளூர்க்காரர்கள் உண்டாக்கியது அது. அவர்கள் இடத்தில் வெளியூர்க்காரர்கள் உட்கார உட்கார அது நீர்த்துப்போகிறது. ஆகவே வெளியூர் ரசிகருக்கு டிக்கெட் கிடைப்பதைக் கடினமாக்கும் விதிகள்தான் அவர் பார்க்க வந்ததையே காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் நிலவும் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இந்த முரண் எங்கும் தலைகாட்டுகிறது. ஒரே அளவில் இல்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பயணம் புதிதல்ல. 1969 நவம்பர் 29 அன்று நார்வே, சுவீடன் முதலிய நாடுகளின் தொலைக்காட்சிகள் சேர்ந்து ஓர் ஆங்கில லீக் ஆட்டத்தை நேரலையாகக் காட்டின. வுல்வர்ஹாம்ப்டனும் சண்டர்லாண்டும் மோதிய, நினைவில் நிற்க வேறு காரணமே இல்லாத ஓர் ஆட்டம். பனி உறைந்த குளிர்காலத்தில் அந்த நாடுகளில் கால்பந்து நடக்காது. ஆனால் கால்பந்து முடிவுகளை ஊகித்துப் பணம் கட்டும் பந்தயம் நடந்தது, அதற்கு ஆட்டம் வேண்டும். சனிக்கிழமை மாலை என்றால் ஆங்கில ஆட்டம் என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெடுக்கும் நார்வேயில் பெரிய ரசிகர் மன்றங்கள் முளைத்தது இப்படித்தான். அப்பா பார்த்த அணியை மகள் பார்க்கிறாள். குடும்பத்தோடு வட கடலைக் கடந்து போகிறார்கள். பிறகு மலிவு விமானங்கள் வந்தன. பிரிட்டனின் சுற்றுலா அமைப்பான விசிட்பிரிட்டன் கணக்கிட்டபடி, 2019-இல் வெளிநாட்டினர் அங்கே மேற்கொண்ட 15 லட்சம் பயணங்களில் ஒரு கால்பந்து ஆட்டமும் இருந்தது. அந்தப் பயணிகள் செலவழித்தது 140 கோடி பவுண்டு.

இந்தப் பணம் தெரிந்த பிறகு ஆங்கில கிளப்கள் சும்மா இருக்குமா? இன்று பிரீமியர் லீக்கின் பெரிய அணி ஒன்றின் ஆட்டத்துக்கு வெளியூர்க்காரர் போக வேண்டுமானால் முதலில் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராக வேண்டும். அது டிக்கெட் வாங்கும் உரிமையைத் தராது. டிக்கெட்டுக்கான குலுக்கலில் பெயர் போடும் உரிமையைத்தான் தரும். குலுக்கலில் விழவில்லை என்றால் சாப்பாடும் மதுவும் சேர்த்துப் பல மடங்கு விலையில் விற்கும் விருந்தோம்பல் டிக்கெட் இருக்கிறது. அதுவும் கட்டுப்படியாகாதவர் கள்ளச்சந்தைக்குப் போகிறார். இங்கிலாந்தில் அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நம்மூர் முதல்நாள் முதல்காட்சி ‘பிளாக்’ டிக்கெட் பழக்கத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு போகிறவர்களில் பலர் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்து நிற்கிறார்கள். விற்ற இணையதளமோ வேறொரு நாட்டில் பதிவாகியிருக்கும்.

விலையேற்றத்துக்கு உள்ளூர்க்காரர்கள் பணிந்துபோனார்கள் என்று சொல்ல முடியாது. 2016 பிப்ரவரி 6 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 2-0 என்று சண்டர்லாண்டை முந்தி நிற்கிறது. விரிவாக்கப்பட்ட முதன்மை ஸ்டாண்டில் டிக்கெட்டின் உச்ச விலை 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. கடிகாரம் 77-ஆவது நிமிடத்தைத் தொட்டதும் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். பாட்டு நின்றது. மிச்சமிருந்த நேரத்தில் சண்டர்லாண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையை இறக்கினார்கள். கத்தும் கூட்டம் எழுந்து போனால் ஆட்டத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பரிசோதனையை யாரும் திட்டமிட்டு நடத்த முடியாது. (அந்த இரண்டு கோலுக்கும் வெளிநடப்புக்கும் தொடர்பில்லை என்று வாதாடுவோர் உண்டு; அவர்கள் வாதாடட்டும்.) அதே ஆண்டு, எதிரணி ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்டு என்று பிரீமியர் லீக் உச்சவரம்பு வைத்தது. தன் அணியோடு ஊர் ஊராகப் போகிறவர்களின் சத்தம் இல்லையென்றால் தொலைக்காட்சியில் விற்கும் சரக்கே சோபை இழக்கும் என்பது கிளப்களுக்கும் தெரிந்திருந்தது.

ஆங்கில மைதானங்கள் அமைதியாகிவிட்டன என்ற புலம்பலில் வெளிநாட்டுப் பயணியின் பங்கு பாதிதான். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த டெய்லர் அறிக்கையின்படி, 1990-களின் நடுப்பகுதிக்குள் மேல்நிலை லீக்குகளில் நின்று பார்க்கும் படிக்கட்டுகள் மறைந்து எல்லாம் இருக்கைகளாயின. உட்கார்ந்தவனுக்குக் குரல் வராது. அதோடு விலை ஏறியது, இளைஞர்கள் குறைந்தார்கள். பயணி வந்து உட்கார்ந்தது ஏற்கனவே காலியாகிக்கொண்டிருந்த இடத்தில். இருந்தாலும் உள்ளூர் ரசிகர்களின் கோபம் அவர் கழுத்தில் கிடக்கும் ஸ்கார்ஃபைத்தான் குறிவைக்கிறது: ஒரு பாதி இந்த அணியின் நிறம், மறு பாதி எதிரணியின் நிறம், நடுவில் ஆட்டத்தின் தேதி. ஸ்டேடியத்துக்கு வெளியே தெருவில் விற்கும் அந்த நினைவுப்பொருளை ஆங்கில ரசிகர்கள் அருவருப்போடு பார்ப்பார்கள். அதை வாங்குகிறவர் தான் எந்தப் பக்கமும் இல்லை என்று ஊரறிய ஒத்துக்கொள்கிறார். லண்டனின் ஃபுல்ஹாம் கிளப் தன் மைதானத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே நெடுநாள் நடுநிலைப் பகுதி ஒன்று வைத்திருந்தது. நேர்மையான ஏற்பாடு. வேறெங்கும் அது பரவவில்லை.

ஜெர்மனிக்குப் போனால் கதை மாறுகிறது. பத்தாண்டுகளுக்கு முன்பே டோர்ட்மண்டின் ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆங்கிலேயர் விமானம் ஏறி வருகிறார்கள் என்று செய்தி வந்தது. விமானம், விடுதி, டிக்கெட் எல்லாம் சேர்த்தும் லண்டனில் ஒரு நல்ல இருக்கைக்கு ஆகும் செலவோடு ஒப்பிடலாம் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் அந்த வட்டாரத்தின் ரயிலிலும் டிராமிலும் கட்டணம் இல்லை. டோர்ட்மண்ட் மத்திய ரயில் நிலையத்தில் இறங்கியதும் மஞ்சளும் கறுப்புமான கூட்டம் தானே இழுத்துக்கொண்டு போகும். வழி கேட்க வேண்டியதில்லை. ஸ்டேடியத்தை நெருங்கும்போது கரியில் வாட்டும் சாசேஜ் வாசனை. பீருக்குக் காசு கொடுக்கும்போது கோப்பைக்கும் முன்பணம் பிடித்துக்கொள்வார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். கோப்பையோடு உங்கள் இடத்துக்குப் போய் ஆட்டம் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி புல்தரை கண்ணில் படும் இடத்தில் மதுவோடு நிற்கக் கூடாது.

டோர்ட்மண்டின் வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியத்தில் 81,365 பேர் இடம்பெறலாம். தெற்குப் பக்கம் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நிற்கும் ஒரே படிக்கட்டு. ‘மஞ்சள் சுவர்’ என்று பெயர். அங்கே நிற்க ஆகும் செலவு ஏறத்தாழ 20 யூரோ. ஆனால் கிளப் 55,000 சீசன் டிக்கெட்டுகளை விற்றுவிடுகிறது. அந்தச் சுவரில் வெளியூர்க்காரருக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெரும்பாலும் கிழக்கிலோ மேற்கிலோ ஓர் இருக்கையில் உட்கார்ந்து அதைப் பக்கவாட்டில் பார்ப்போம். அப்படிப் பார்ப்பதுதான் சரி என்றும் தோன்றுகிறது. வேலியின் மேல் ஒருவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியும் கையுமாகப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறார். 90 நிமிடமும் அவர் ஆட்டத்தைப் பார்ப்பதேயில்லை. டோர்ட்மண்ட் கோல் போட்டால் அறிவிப்பாளர் வீரரின் முதல் பெயரை மட்டும் சொல்வார், குடும்பப் பெயரைக் கூட்டம் கத்தும். பிறகு அவர் நம் அணியின் எண்ணிக்கையைக் கேட்பார், கூட்டம் சொல்லும். எதிரணியின் எண்ணிக்கையைக் கேட்பார். எதிரணி எத்தனை போட்டிருந்தாலும் பதில் ‘பூஜ்யம்’. அவர் நன்றி சொல்வார், 80,000 பேர் பதில் மரியாதை சொல்வார்கள். ஜெர்மன் தெரியாதவரும் இரண்டாவது கோலுக்குள் இதைக் கற்றுக்கொண்டுவிடுவார். அடுத்த ஊர்த் தேரோட்டத்துக்குப் போனவருக்கு வடம் கையில் கிடைக்காது, கூட்டத்தின் கூச்சலில் சேர்ந்துகொள்ள யாரும் தடை சொல்லமாட்டார்கள், இங்கும் அவ்வளவே.

ஜெர்மனியில் இது தற்செயலாக அமையவில்லை. 1998-இல் வந்த ‘50+1’ விதிப்படி கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. முதலீட்டாளர் ஒருவர் வந்து நிற்கும் படிகளை இடித்து இருக்கை போட நினைத்தால் உறுப்பினர் ஓட்டைத் தாண்டியாக வேண்டும். 2024 தொடக்கத்தில் லீக்கின் ஊடக உரிமை வருமானத்தில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கப் பேச்சு நடந்தபோது, ரசிகர்கள் வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளைப் புல்தரைக்குள் வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கிழக்கு பெர்லினின் யூனியன் கிளப்புக்கு மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் இல்லாதபோது, 2008-09-இல் 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் சிமெண்டு கலந்து, கம்பி கட்டி, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மணிநேரம் கூலியில்லாமல் உழைத்தார்கள். 22,012 பேர் கொள்ளும் அந்த மைதானத்தில் பெரும்பகுதி இன்றும் நிற்கும் இடம்தான். அங்கே டிக்கெட் உறுப்பினருக்குத்தான் முதலில். சிமெண்டு சுமந்தவருக்குக் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால் நமக்கு. இதில் குறை காண என்ன இருக்கிறது?

இவ்வளவு தூரம் உள்ளூர்க்காரர் பக்கம் பேசிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது ஞாயமாகாது. ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்குள் ஒரு வேலியும் இருக்கிறது. 2022 உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு தோஹா கடற்கரைச் சாலையில் மேளதாளத்தோடு அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்துச் சட்டைகளில் ஊர்வலம் போனவர்களின் காட்சிகள் வெளியாயின. பெரும்பாலும் கேரளத்தவர், மற்ற இந்தியர்கள், வங்கதேசத்தவர். ஐரோப்பிய ஊடகங்களிலும் சமூக வலைத்தளங்களிலும் உடனே ‘போலி ரசிகர்கள்’, ‘கூலிக்குக் கூட்டி வந்தவர்கள்’ என்று எழுதினார்கள். அவர்கள் கத்தாரில் வேலை செய்கிறவர்கள். மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் ஆற்றில் ராட்சதக் கட்அவுட் வைத்த, கோழிக்கோடு பக்கத்துப் புல்லாவூர் போன்ற ஊர்களிலிருந்து போனவர்கள். மரடோனாவை 1986-இல் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பார்த்த தகப்பன்களின் பிள்ளைகள். கத்தாரில் வசிப்பவர்களுக்கு 40 ரியாலுக்கு டிக்கெட் கிடைத்தது. வாழ்நாளில் உலகக் கோப்பையை நேரில் பார்க்க அவர்களில் பலருக்கு அமைந்த ஒரே வாய்ப்பு அது. நள்ளிரவில் விழித்திருந்து முப்பது ஆண்டு ஓர் அணியைப் பின்தொடர்ந்தவன் ரசிகன் இல்லை என்றால், மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்த ஒரே காரணத்துக்காக இன்னொருவன் எப்படி ரசிகனாவான்? சென்னையிலும்கூட ஆங்கில கிளப்களின் ரசிகர் மன்றங்கள் இருக்கின்றன. சில கிளப்கள் அங்கீகரித்த மன்றங்களுக்கு ஆண்டுக்குக் கொஞ்சம் டிக்கெட் ஒதுக்குகின்றன. வெளிநாட்டு ரசிகருக்கு இருப்பதிலேயே கௌரவமான வழி அதுதான் என்பேன்: பணப்பையைப் பாராமல் பழக்கத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

இத்தாலியில் விஷயம் பாதுகாப்பிலிருந்து தொடங்குகிறது. 2000-களின் நடுவிலிருந்து டிக்கெட்டில் பெயர் அச்சிட வேண்டும், வாசலில் அடையாள அட்டையோடு ஒத்துப்பார்ப்பார்கள். தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று. இணையப் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டம் கேட்கும். நமக்கோ இனிஷியல், பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி, சிலருக்கு அதில் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடிப்பதுதான் வழி. செல்லப்பெயர், சுருக்கப்பெயர் எதுவும் கூடாது. துருக்கியில் 2014 முதல் பாஸ்ஸோலிக் என்ற மின்னட்டை முறை வந்தது. வெளிநாட்டினரும் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும். தொந்தரவான முறைகள்தான். ஆனால் கேம்ப் நோவில் அந்த ஏப்ரல் இரவு நடந்ததைப் போல நடக்காமல் இருப்பதற்கு இந்தத் தொந்தரவுதான் காரணம்.

அர்ஜென்டினாவில் தொந்தரவு தடையாகவே இறுகிவிட்டது. 2013 ஜூனில் லா பிளாட்டா நகரில் லானுஸ் அணியின் ரசிகர் ஒருவர் காவல்துறையின் ரப்பர் குண்டுக்குப் பலியானதைத் தொடர்ந்து லீக் ஆட்டங்களுக்கு எதிரணி ரசிகர்கள் வருவது நிறுத்தப்பட்டது. 2025-இல்தான் ஒரு சில ஆட்டங்களுக்குக் கதவு சற்றே திறந்தது. புவனோஸ் ஐரிஸின் போக்கா ஜூனியர்ஸ் மைதானமான லா பொம்போனேரா, நிலம் போதாமல் ஒரு பக்கத்தை மட்டும் செங்குத்தாக எழுப்பிய கட்டடம். அதன் இடங்கள் உறுப்பினர்களுக்கே போதாது. பொது விற்பனை என்பது கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் தங்கும் விடுதிகளில் வெளிநாட்டினருக்கு டிக்கெட் கிடைக்கிறது. உறுப்பினர் அட்டையை இரவல் கொடுத்து, வழிகாட்டி ஒருவரோடு அனுப்பி, ஆட்டம் முடிந்ததும் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். கிளப் அவ்வப்போது பிடிக்கிறது. உலகின் மிக உக்கிரமான கூட்டத்தைப் பார்க்கப் போகிறவர், அந்தக் கூட்டத்தில் ஒருவரைக் காசு கொடுத்து வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போகிறார். பாதுகாப்பின்மையின் உச்சம் 2018: ரிவர் பிளேட், போக்கா மோதிய லிபர்த்ததோரெஸ் கோப்பை இறுதியின் இரண்டாவது ஆட்டம், போக்காவின் பேருந்து தாக்கப்பட்டதால் டிசம்பர் 9 அன்று மாட்ரிட்டில் நடந்தது. தென் அமெரிக்காவின் விடுதலை வீரர்கள் பெயரிலான கோப்பைக்கு ஸ்பெயினின் தலைநகரில் இறுதியாட்டம். இதற்கு மேல் நையாண்டி எழுதத் தேவையில்லை.

இறுதியாட்டங்கள் வேறு ரகம். அங்கே இரு தரப்பும் வெளியூர்தான். 2003-இல் யுவேஃபா கோப்பை இறுதிக்காக ஏறத்தாழ 80,000 செல்டிக் ரசிகர்கள் கிளாஸ்கோவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் செவில்லுக்கு வந்தார்கள். பெரும்பாலோரிடம் டிக்கெட் இல்லை. போர்ட்டோவிடம் 3-2 என்று தோற்றார்கள். அவர்களின் நடத்தைக்காக ஃபிஃபா அந்த ஆண்டின் நேர்மை விருதைக் கொடுத்தது. டிக்கெட்டே இல்லாமல் போனாலும் பயணம் வீண் இல்லை என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. 2019-இல் ஐரோப்பா லீக் இறுதியில் ஆர்சனலும் செல்சியும் மோதின. இரண்டும் லண்டன் கிளப்கள். ஆட்டமோ அஸர்பைஜானின் பாகுவில். ஏறத்தாழ 68,000 பேர் கொள்ளும் மைதானத்தில் ஆளுக்கு 6,000 டிக்கெட்டுகள், அவையும் முழுக்க விற்கவில்லை. ஆர்சனலின் ஆர்மேனிய வீரர் மிகிதாரியான் பாதுகாப்புக் காரணங்களால் போகவேயில்லை. யாருக்காக அந்த ஆட்டம் நடத்தப்பட்டது என்று கேட்டால் ஒளிபரப்புக் கேமராவுக்காக என்றுதான் சொல்ல வேண்டும்.

2022 மே 28, பாரிஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு உரிய டிக்கெட்டோடு வந்த லிவர்பூல் ரசிகர்கள் ஸ்டேடியத்தை நெருங்கும் குறுகிய வழியில் மணிக்கணக்கில் அடைபட்டு நின்றார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் மீதும் காவல்துறையினர் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். ஆட்டம் அரை மணிக்கு மேல் தள்ளிப்போனது. ரசிகர்கள் தாமதமாக வந்ததுதான் காரணம் என்று ஸ்டேடியத்தின் திரையில் ஓடியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கை, முதன்மைப் பொறுப்பு யுவேஃபாவுடையது என்றது. ஹில்ஸ்பரோவுக்குக் காரணம் ரசிகர்களே என்ற பழைய பொய் காவல்துறையின் தலையில் இன்னும் இருந்ததையும் சுட்டியது. வெளியூர் ரசிகரைக் கூட்டமாகப் பார்க்கும் அதிகாரிக்கு அவர் முதலில் ஆபத்து, அப்புறம்தான் விருந்தாளி. டிக்கெட் விலை, விசா, பயணம் எல்லாம் சரியாக அமைந்தவருக்கும் இது நேரலாம் என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2026 உலகக் கோப்பைக்கு விற்பனை தொடங்கியபோது இறுதியாட்டத்தின் உச்ச விலை 6,730 டாலர் என்று வந்தது. கத்தாரில் அது 1,600 டாலரை ஒட்டி இருந்தது. தேவைக்கேற்ப விலை மாறும் முறை வேறு. ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம். ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் கொதித்த பிறகு 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் ஒதுக்கினார்கள். கள்ளச்சந்தைக்காரன் செய்ததையே அமைப்பு தானே செய்துகொண்டால் கள்ளச்சந்தைக்கு வேலை இல்லை என்பது ஒருவகையில் தர்க்கம்தான்.

இங்கிருந்து புறப்படுகிறவருக்கு டிக்கெட்டை விடப் பெரிய எதிரி நாட்காட்டி. லீக் அட்டவணை கோடையில் வெளியாகும். அதில் சனிக்கிழமை என்று போட்டிருப்பதை நம்பி விமான டிக்கெட் போட்டுவிடக் கூடாது. தொலைக்காட்சி தேர்ந்தெடுக்கும் ஆட்டங்கள் வெள்ளிக்கோ ஞாயிறுக்கோ திங்களுக்கோ நகரும். அது உறுதியாவது ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்புதான். இரண்டில் ஒரு கிளப் உள்நாட்டுக் கோப்பையில் முன்னேறிவிட்டால் லீக் ஆட்டம் மொத்தமாகத் தள்ளிப்போகும். ஷெங்கன் விசாவோ ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கக்கூடியது, நேர்காணல் நாள் கிடைப்பதே பாடு. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, மறுத்தால் திரும்பாது. ஓர் ஆட்டத்தைக் குறிவைத்துப் போவதைவிட ஒரு வட்டாரத்தைக் குறிவைத்துப் போவதே இதற்கு விடை. டோர்ட்மண்ட், கெல்சன்கிர்ஷன், போஹும், டூஸ்பர்க், எஸன் எல்லாம் ஒருமணி நேர ரயில் வட்டத்துக்குள். ஒன்று நகர்ந்தால் மற்றொன்று கிடைக்கும். வட மேற்கு இங்கிலாந்தும் அப்படியே.

மகளிர் கால்பந்தில் இந்த டிக்கெட் சண்டைகள் இன்னும் முற்றவில்லை. ஃபிராங்ஃபர்ட் வந்துபோன அதே வசந்தத்தில் அதே கேம்ப் நோவில் பார்சிலோனா மகளிர் அணியைப் பார்க்க இருமுறை 91,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2025 யூரோவுக்கு சுவிட்சர்லாந்தில் ஆட்ட டிக்கெட் இருந்தால் ரயில் இலவசம். மொத்தப் பார்வையாளர் 6,57,000-ஐத் தாண்டினார்கள். எதிரெதிர் அணி ரசிகர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்கள். விலை இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான்.

முதல்முறை போகிறவர் பெரிய கிளப்பின் பெயரைத் துரத்தத்தான் செய்வார். வேண்டாமென்று சொன்னால் கேட்கவும் மாட்டார். போகட்டும். ஆனால் இங்கிலாந்தில் ஒரு சனிக்கிழமை மதியத்தைக் கீழ்நிலை லீக் ஒன்றுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. ஐந்தாம் ஆறாம் அடுக்குக்குக் கீழே போனால் குலுக்கலும் உறுப்பினர் சந்தாவும் இல்லை. பெரும்பாலும் வாசலில் காசைக் கொடுத்து உள்ளே போகலாம். 1985-ஆம் ஆண்டின் மதுச் சட்டம் அந்த மட்டத்துக்குப் பொருந்தாது. கோப்பையோடு தடுப்புக் கம்பியில் சாய்ந்து நிற்கலாம். கோல்கீப்பர் திட்டுவது காதில் விழும் தூரம். இரு அணி ரசிகர்களையும் பிரிக்க வேலி போடாத மைதானங்களில், இடைவேளையில் அத்தனை பேரும் கிளம்பி மைதானத்தைச் சுற்றி எதிர்முனைக்கு நடப்பார்கள். தங்கள் அணி இனி எந்தக் கம்பத்தைத் தாக்குகிறதோ அதன் பின்னால் நிற்க. வழியில் எதிரணிக் கூட்டம் எதிரே வரும்; கிண்டலும் வணக்கமும் பரிமாறிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர் எந்தக் கூட்டத்தோடு நடக்கிறாரோ, மிச்ச 45 நிமிடமும் அவர் அந்த அணி.